கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

பிப்ரவரி 3

அன்பு அக்கா மகள் கட்டெறும்புக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் கருங்கல் மாதிரி இருக்கிறேன். முழங்கால் வலி வந்தது. நான் இருக்கிற இருப்பைப் பார்த்துப் பயந்து அதுவே போய்விட்டது. அங்கே நீயும் உன் அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை உன் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் நாடாவும் நோட்டுமாக எங்கள் தெருவில் இறங்கினார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று, எத்தனை பேர் இருக்கிறீர்கள், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். முன்பக்கத் தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. "தெருவையே இடிச்சுத் தரைமட்டமாக்கப் போறாங்களாம் மாமா" என்றார். நான் விடுவேனா? "யோவ், அந்த ஆபீஸே என் அக்கா மக கையிலதான்யா இருக்கு. அவ பென்சிலை எடுத்தா மந்திரியே எழுந்து நிப்பாரு. இந்தக் கட்டடத்துக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது, போய்த் துணியை வெட்டு" என்று ஒரே போடாகப் போட்டேன். மாடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எட்டுக் குடும்பமும் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கின.

நான் ஆறாம் வகுப்புதான். ஆனால் அந்த ஆறை இரண்டு தடவை படித்ததால் பன்னிரண்டு என்றுதான் கணக்கு. முப்பது வருஷம் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டினவன். மேலே போவது, கீழே வருவது பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இருந்தாலும் கேட்கிறேன், இடிக்கமாட்டார்கள்தானே?

வாய் நிறைய வாழ்த்தும்,
மாமா


பிப்ரவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் முழங்கால் உண்மையில் எப்படி இருக்கிறது?

ஆபீஸ் என் கையில் இல்லை, மாமா. நான் உட்காருவது கடைசி மேசைக்கு முந்தின மேசை. ஆனால் உங்கள் தெருவின் வரைபடம் என்னிடம்தான் இருக்கிறது. பழைய தெருக்களைத் தொடும்போது எங்களுக்குள் எப்போதும் இரண்டு கட்சி. ஒரு கட்சி வெள்ளைத்தாளில் தொடங்கும். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாக வரையும். இன்னொரு கட்சி முதலில் அங்கே யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள் என்பதை வரையும். பிறகுதான் சுவரில் கை வைக்கும். நான் இரண்டாம் கட்சி. எங்கள் தலைமைக் கட்டடக்கலைஞர், நாங்கள் பெரியவர் என்போம், முதல் கட்சி.

இரண்டு மாதம் வாதாடினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடக்கும் கிடங்கை மட்டும் எடுத்துவிட்டு, பூமிக்கு அடியில் மூன்று தளம் வண்டி நிறுத்த, மேலே கடைகள். உங்கள் கட்டடம் அப்படியே நிற்கும். படிக்கட்டையும் குழாய்களையும் சரி செய்து தருவோம். ஒரே நிபந்தனை: பள்ளம் தோண்டும்போது உங்கள் கட்டடம் அசையக் கூடாது. அசைந்தால் எல்லோரையும் காலி செய்துவிட்டு இடிப்பதுதான் என்கிறார்.

அதற்காகச் சூப்பர்வைசர் வந்து, உங்கள் பின்சுவரில் இருக்கும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு பூசித் தேதி எழுதிவிட்டுப் போவார். கண்ணாடியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா. அது உடையாத வரை வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

அன்புடன்,
கட்டெறும்பு


பிப்ரவரி 20

அன்பு கட்டெறும்புக்கு,

இங்கே எனக்கு வயது பத்துக் குறைந்துவிட்டது. காரணம் பிறகு. அக்காவின் இருமலுக்கு என் பெயரைச் சொல்லிக்கொண்டு வெந்நீர் குடிக்கச் சொல், நிற்கும்.

பன்னிரண்டாம் தேதி என் அறையின் பின்சுவரில் கண்ணாடி வைத்தார்கள். ஒரு சாண் நீளம், விரல் அகலம். ஏதோ நாகரத்தினத்தை வைப்பது மாதிரி சூப்பர்வைசர் நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தார். இத்தனூண்டுப் பட்டை நாலு மாடியைத் தாங்குகிறது என்றால் உன் படிப்பு படிப்புதான்! அன்றிலிருந்து இந்தக் கட்டடத்துக்குக் காவல் அதிகாரி நான்தான். கட்டிலைக்கூட அந்தச் சுவர்ப்பக்கமிருந்து நகர்த்திவிட்டேன், தூக்கத்தில் கை பட்டுவிடக் கூடாதே. முதல் மாடி நர்ஸம்மா பார்க்க வந்தவள் விரலை நீட்டினாள். "தொட்டா எட்டுக் குடும்பமும் தெருவுலதான், தெரிஞ்சுக்கோ!" என்று ஒரு அதட்டல். படியில் ஏறும்போதுகூட இப்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன். கவலையை விடு.

காவல் அதிகாரி,
மாமா


ஏப்ரல் 10

அன்பு கட்டெறும்புக்கு,

நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது. வேலை மும்முரம் என்று அக்கா எழுதினாள். உடம்பைக் கவனி. எனக்கு ஒரு குறையும் இல்லை.

பள்ளம் ஒரு பனைமரம் ஆழத்துக்குப் போய்விட்டது. சரி, அரைப் பனைமரம். கீழே ஊறும் தண்ணீரைப் பகல் முழுக்க பம்பு வைத்து இறைத்து வெளியே ஊற்றுகிறார்கள். சூப்பர்வைசர் வாராவாரம் வந்து கண்ணாடியைப் பார்த்து, "அசையலை" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். வைரம் மாதிரி இருக்கிறது. உன் பெரியவரிடம் தைரியமாகச் சொல்.

தெருக்கோடியில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரரோடு இப்போது நல்ல சிநேகம். அவரிடம் வேறு ஒரு வேலையாகப் போனேன். அருமையாகக் கண்ணாடி வெட்டுகிறார்.

இன்னொரு அதிசயம். என் அறைக்கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது! பெரிய ஓட்டல்களில் இப்படிச் சாத்திக்கொள்வதற்குத் தனியாக ஸ்பிரிங் போடுவார்களாம். எனக்கு இனாமாகக் கிடைத்திருக்கிறது.

ஆசியுடன்,
மாமா


ஏப்ரல் 16

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். நேரில் வருவதாகவும் இருந்தேன். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று.

கதவு எப்போதிலிருந்து அப்படி? தையல்காரர் கதவும் அப்படியா? மேல்மாடிகளில்? கண்ணாடியில் மயிரிழைக் கீறல்கூட இல்லையா? சூப்பர்வைசர் குறிப்பும் நீங்கள் எழுதுவதும் ஒன்றாக இருப்பதால்தான் நான் இங்கே தெம்பாகப் பேச முடிகிறது. அவர் வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறார். தினமும் பார்ப்பது நீங்கள்தான்.

அன்புடன்,
கட்டெறும்பு


மே 4

அன்பு கட்டெறும்புக்கு,

நலம். இத்தனை கேள்வியை நீ பரீட்சையில்கூடப் பார்த்திருக்கமாட்டாய்! வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

தையல்காரர் கதவு சாத்தவும் வரவில்லை, திறக்கவும் வரவில்லை. தோளால் இடித்துத்தான் உள்ளே போகிறார். "மாமா, கதவு பெருத்துப்போச்சா, நான் பெருத்துட்டேனா?" என்று கேட்டார். "உன் சம்சாரத்துகிட்ட கேளு" என்றேன். மூன்றாம் மாடி லாரி டிரைவர் வீட்டில் உருண்டு விழுந்த எலுமிச்சம்பழம் எங்கே போனாலும் பின்சுவருக்கே வந்து சேர்கிறதாம். டிரைவர் மனைவி, "தேடுற வேலை மிச்சம்" என்கிறாள். சுவருக்குள் அவ்வப்போது டொக் என்று ஒரு சத்தம், யாரோ விரல் சொடுக்குவது மாதிரி. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எலியெல்லாம் போன வாரமே கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டது. பூனை வளர்க்காமலே எலியை ஒழித்த கட்டடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

கண்ணாடி முழுசாக இருக்கிறது. நான் இருக்கும்போது அதற்கு என்ன கேடு?

மாமா


மே 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பள்ளத்தின் மறுபக்கம் இருக்கும் மதில் இரண்டு விரல் சாய்ந்திருக்கிறது. எதிர்ச்சாரியில் நடைபாதை கீழே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் உங்கள் சுவரும் அசைந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கண்ணாடி மட்டும் பிப்ரவரி 12 என்ற தேதியோடு அப்படியே நிற்கிறது. பெரியவர் போன வாரம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் மாமா வீடு மலைமேல கட்டினதும்மா. மூணாவது தளத்தையும் தோண்டலாம்." அதற்கான தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

போட்டதிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு தடவை வைரம், பனைமரம் எதுவும் வேண்டாம். சுவரில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

கட்டெறும்பு


மே 30

அன்பு கட்டெறும்புக்கு,

நலம். உன் கடிதம் கண்டு வருத்தம். என்னைப் பொய்யன் என்று நீ நேராக எழுதவில்லை, சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய். படித்த பிள்ளைகள் அப்படித்தான். உன் மாமன் உனக்காகச் செய்ததைத் தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்று இருந்தேன். (எனக்கே அது பெரிய கஷ்டம்.) இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் கட்டடத்தை நான் ஐந்து தடவை காப்பாற்றியிருக்கிறேன்!

முதல் கண்ணாடி ஐம்பத்திரண்டு நாள் நின்றது. ஏப்ரல் ஐந்தாம் தேதி காலை எழுந்து பார்த்தால் நடுவில் இரண்டாக நிற்கிறது. எனக்கு உயிரே இல்லை. என்னை நம்பி ஒப்படைத்த பொருள்! முதல் மாடியில் யாரோ எதையோ தொப்பென்று போட்டிருக்க வேண்டும். உடனே சட்டக் கடைக்கு ஓடி, அதே அளவில் ஒரு பட்டை வெட்டி வாங்கி, சிமெண்டு குழைத்து ஒட்டினேன். சூப்பர்வைசர் எழுதின மாதிரியே, அதே சாய்வில், அதே தேதி போட்டேன். அவரே வந்து பார்த்து, தன் கையெழுத்து என்றே நினைத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது இருபத்தேழு நாள். மூன்றாவது பதினைந்து. அடுத்தது எட்டு. ஐந்தாவது வெறும் நாலே நாள். இப்போதெல்லாம் கண்ணாடியின் தரம் அப்படி. நேற்று ஆறாவதை ஒட்டியிருக்கிறேன். ஓரத்துச் சிமெண்டு பொரிந்து பொரிந்து விழுவதால் கொஞ்சம் நீளமாக வெட்டச் சொன்னேன். விரிசலில் இப்போது ஒரு பென்சிலை நிறுத்தலாம். அதனால் என்ன, கண்ணாடி நிற்கிறதே. நீதானே எழுதினாய், அது உடையாத வரை வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று? நான் உடைய விடவே இல்லை.

இப்போது சொல், உன் பெரியவருக்கு இப்படி ஒரு மாமன் உண்டா?

பெருமையுடன்,
மாமா


ஜூன் 2 (தந்தி)

எல்லோரும் உடனே வெளியேறவும். சாமான் எடுக்க வேண்டாம். திரும்ப உள்ளே போக வேண்டாம். கடிதம் பின்னால். வருகிறேன்.


ஜூன் 2

மாமா,

தந்தி கிடைத்திருக்கும். வெளியில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தக் கண்ணாடி எதையும் தாங்கவில்லை. சுவர் அசைந்தால் அது உடைய வேண்டும், உடைந்தால் நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஐம்பத்திரண்டு, இருபத்தேழு, பதினைந்து, எட்டு, நாலு. இந்தக் கணக்கை நான் பெரியவர் மேசையில் எழுதிக் காட்டினேன். பள்ளத்தையும் பம்பையும் நிறுத்தச் சொல்லி ஆபீஸிலிருந்தும் தந்தி போயிருக்கிறது. ஆனால் தண்ணீரை இறைத்ததால் இறங்கிப்போன மண் திரும்ப எழும்பாது. இனிமேல் மண் நம் பேச்சைக் கேட்காது.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். பிப்ரவரிக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'உடைந்தால் எழுதுங்கள்' என்று எழுதியதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுதவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள்.

ரயில் நாலாம் தேதிதான். ஆறாம் தேதி மதியம் அங்கே இருப்பேன்.

கட்டெறும்பு


ஜூன் 4

கட்டெறும்புக்கு,

நலம். இதை நீ கிளம்பும் முன் பார்க்கமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நேற்று ஒவ்வொரு மாடியாக ஏறினேன். நர்ஸம்மா வாசிக்கவே இல்லை. "நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு மாமா? நீங்கதானே? அதுக்குள்ள நூறு வருஷம் முடிஞ்சிடுச்சா?" என்றாள். தையல்காரர், "போன மாசம் மந்திரி வர்றாருன்னு சொல்லி வாசலைக் கழுவ வெச்சீங்க. இப்ப கட்டடம் விழுதா? நல்லா இருக்கு, அடுத்த கதையைச் சொல்லுங்க" என்றார். நான் சுவரைக் காட்டினேன். "நீங்கதான் கண்ணாடி முழுசா இருக்குன்னு காட்டினீங்க. இப்பவும் முழுசாத்தானே இருக்கு?" என்றார். டிரைவர் மனைவி தந்தித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கடையில அடிச்சீங்க மாமா?" என்று கேட்டாள்.

ஒருவரும் சிரிக்காமல் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதில் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அதுதான் எடுபடவில்லை.

ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்குள் டொக் டொக் என்று மூன்று தடவை கேட்டது. பிறகு எழுந்து நின்று, லிஃப்டில் தளம் சொல்லும் குரலில் கத்தினேன்: "புது வீட்டுச் சாவி குடுக்கிறாங்க! விடுமுறையில பூட்டின பள்ளிக்கூடம் இருக்கில்ல, அங்கதான். முதல்ல வர்றவங்களுக்குக் கீழ்த்தளம். பாயோட போய் வரிசையில படுக்கிறவங்களுக்குத்தான் சாவியாம்!"

கால்மணி நேரம். எட்டுக் குடும்பம், இருபத்தாறு பேர், பாயும் பாத்திரமுமாக இறங்கிப் போய்விட்டார்கள். நர்ஸம்மா செருப்பைக் கையில் எடுக்கவில்லை. தடதடவென்று ஓடினாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். அதிகாரி எப்போது வருவார் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருவர் கேட்கிறார்கள்.

மாமா


ஜூன் 6, காலை பத்தரை மணி

கட்டெறும்புக்கு,

இதைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ தெருவில் வந்து இறங்கியதும் கொடுப்பார். உன் கடிதம் இன்று காலை வந்தது.

பம்பு நின்றுவிட்டது. வேலையாட்கள் முந்தாநாளே பள்ளத்திலிருந்து ஏறிப் போய்விட்டார்கள். ஏணியைக்கூட எடுக்கவில்லை. விரிசலை இன்று ஆறு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டைவிரல் அகலம். ஒன்பது மணிக்கு இரண்டு விரல். நான் உள்ளே போகவில்லை.

கட்டடம் இன்னும் நிற்கிறது. அதுதான் இப்போது கஷ்டம். மூன்று ராத்திரி வராந்தாவில் படுத்தவர்கள் தெருவுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். தையல்காரர் என்னோடு பேசுவதில்லை. நர்ஸம்மா மட்டும் ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, வராந்தா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். யாரையும் விடுவதில்லை.

அவள் உட்காரும் முன்பே டிரைவர் மனைவி போய்விட்டாள். "சாவியும் இல்லை, பூட்டும் இல்லை, எல்லாம் புளுகு. இன்னைக்கு மத்தியானம் அவர் வண்டியை விட்டு இறங்கி வருவாரு, வீடு பூட்டியிருந்தா என்ன நினைப்பாரு" என்று சொல்லிக்கொண்டே போனாளாம். மூன்றாம் மாடியில் இருக்கிறாள். தெருப்பக்கக் கொடியில் துணி காயப் போட்டிருக்கிறாள், இங்கிருந்தே தெரிகிறது. தெருவில் நின்று கூப்பிட்டேன். "போங்க மாமா" என்று ஜன்னலைச் சாத்தப் பார்த்தாள். ஜன்னல் சாத்த வரவில்லை. அதையும் அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

எதைச் சொல்லி அவளை இறக்குவது என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டாள். பொய்யைச் செலவழித்துவிட்டேன். அதனால் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மேலே போய் அவள் வாசலில் உட்காரப் போகிறேன். அவள் இறங்கினால் நானும் இறங்குவேன். இந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறி வந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதுவும் நான் உட்கார்ந்திருந்தால், அவளுக்குப் பயம் வரும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முழங்கால் வலிக்கிறது. பிப்ரவரியிலிருந்தே வலிக்கிறது.

என்னையும் சேர்த்து இருபத்தாறில் இங்கே இருபத்துநாலு பேர். நீ வந்ததும் எண்ணிப்பார். நாங்கள் இரண்டு பேர் வந்துவிட்டோமா என்று தெருவின் இந்தப் பக்கம் நின்றே பார். உள்ளே வராதே.

மாமா